முப்பத்து நான்காவது மணி

பாகான் லுவார் பார்மசிக்குப் போகவில்லை.
அங்கே கல்லாவில் தவமலரின் சின்னம்மா மகள்.
தினமும் நான் கயிறு கட்டி அவிழ்க்கும் ஃபெரியில்
லீவு போட்டுப் பயணியாய் ஏறினேன்.
"டிக்கெட் எடுத்தியா?" என்றான் ருஸ்லான்.
சிரித்தேன்.
பாதியில் நின்றது.

சனி இரவு பதினொன்றுக்கு உறை கிழிந்தது.
இப்போது திங்கள் காலை ஒன்பது.

சூலியா தெருவில் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது.
வெள்ளைக் கோட்டில் என் தங்கையைவிடச் சின்னவள்.
பெயர்ப் பட்டையில் ஊய் சியூ லிங்.
பின்னால் ஒருவர் இருமல் மருந்துக்கு நின்றார்,
முன்னால் போங்கள் என்றேன்.
அடுத்து வந்த அம்மாவையும்.
அதற்கப்புறம் யாரும் வரவில்லை.

மலாயில் கேட்டேன்.
தமிழில் அந்த வார்த்தை எனக்குத் தெரியாது.
தெரிந்திருந்தாலும் வாயில் வந்திருக்காது.

"யாருக்கு?"
மனைவிக்கு.
"கடைசியாக மாதவிடாய் எப்போது?"

பதினோரு வருடக் கல்யாணம்.
கடல் ஏறும் நேரமும் வற்றும் நேரமும்
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
இது தெரியவில்லை.

போன் போட்டேன்.
ஸ்பீக்கர் வேண்டாம் என்றாள் தவமலர்.
அவள் தமிழுக்கும் இவள் மலாய்க்கும் நடுவில்
ஒரு காதுச் சூட்டோடு நான்.

"ஏற்கனவே வயித்துல தங்கியிருந்தா கலைச்சிடுமா?
அதக் கேளுங்க மொதல்ல."

இல்லை என்றாள் சியூ லிங்,
இது கலைக்கும் மருந்து இல்லை,
முட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடும்,
அவ்வளவுதான்.

இதை எப்படிச் சொல்ல?
"தவா, ஃபெரி இன்னும் துறையிலதான் நிக்குதுன்னு வை.
இந்த மாத்திர கயித்த அவுக்க விடாது.
ஏறக் காத்திருக்கிறவங்க நாலஞ்சு நாள் நின்னு பாத்துட்டுக்
கலஞ்சு போயிடுவாங்க."

"பொறப்பட்டிருந்தா?"

"பொறப்பட்டிருந்தா இதால ஒண்ணும் ஆகாது.
நடுக்கடல்ல போறத இது கவுக்காது."

மறுமுனையில் குக்கர் இரண்டு விசில் அடித்தது.
அவள் அடுப்பை அணைக்கும் சத்தம்.

எழுபத்திரண்டு மணி என்று அட்டையில் இருக்கும்,
அதை நம்பி உட்கார வேண்டாம்,
எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலம் என்றாள்.
ஐந்து நாள்வரை தாங்கும் வேறொரு மாத்திரை உண்டாம்,
அது இவள் தட்டில் இல்லை.
டாக்டரிடம் போனால்
செம்பு சுற்றிய சின்னக் கருவி வைப்பாராம்,
அதுவும் ஐந்து நாளுக்குள்.
எல்லாவற்றிலும் உறுதி அதுதான்,
பிறகும் பல வருடம் காக்கும்.

"பாப்பா பால் குடிக்குதே?"
குடிக்கலாம். பால் கொடுத்த கையோடு மாத்திரை போடட்டும்.
மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் திரும்ப வாருங்கள்.
தேதி முன்னே பின்னே ஆகும், பயப்பட வேண்டாம்.
ஒரு வாரம் தாண்டினால் சோதித்துப் பாருங்கள்.
அப்புறம் அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:
இது நடந்ததற்கு மட்டும்.
நாளை இரவுக்குக் காவல் இல்லை.

ஒரு நீள நோட்டை எடுத்தாள்.
மேல் வரிகளை அட்டையால் மூடிக்கொண்டு
பெயர், அடையாள அட்டை எண், மருந்து என்று எழுதினாள்.
நான் கையெழுத்துப் போட்டேன்.
முப்பத்தாறு வெள்ளி.

திரும்பும் ஃபெரி எட்டு நிமிடம் தாமதம்.
ஏதோ பெரிய கப்பல் வாய்க்காலைக் கடந்தது.
சட்டைப் பையைத் தொட்டபடியே நின்றேன்.
ருஸ்லான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு
அவிழ்க்காமல் காத்திருந்தான்.
முதன்முறையாக அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தவமலர் தண்ணீரோடு விழுங்கினாள்.
எலுமிச்சம்பழம் ஒன்றை முகர்ந்தபடி
மூன்று மணி நேரம் சோபாவில் சாய்ந்திருந்தாள்.
பாப்பாவை நான் வைத்திருந்தேன்.
ஒன்றும் ஆகவில்லை. பசிக்கிறது என்றாள்.

அடுப்படி நாள்காட்டியில்
ஏற்ற இறக்க நேரம் குறித்த கட்டங்களுக்குப் பக்கத்தில்
அவள் சொன்ன தேதியை எழுதப் போனேன்.

"பென்சில்ல எழுதுங்க,"
என்றாள் சோற்றைப் பிசைந்தபடி,
"மாறும்."